நான்கு ஆள் மிச்சம்

உங்கள் கம்பெனியில் யோசனை சொல்வதற்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் வைத்திருக்கிறீர்களாம். சொல்கிறவர் பெயருக்கு எதிரே நட்சத்திரம் விழுமாம், நிறையப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் மாதக் கடைசியில் கேக் வெட்டுவீர்களாம். இவ்வளவு செய்தும் ஒருவரும் ஒன்றும் எழுதுவதில்லை, என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். கேக்கைக் கொஞ்சம் பெரிதாக வெட்டிப் பாருங்கள் என்று பதில் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் நான் கணபதி என்ற ஊர்ப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசராக இருந்தேன். இப்போது அந்த வேலைக்கு அலங்காரமான பெயர்கள் வந்துவிட்டன. அப்போது கேன்டீன் சாம்பார், ஷிப்டு சண்டை, ஆஸ்பத்திரிக்கு அட்வான்ஸ், கல்யாணத்துக்கு லீவு என்று யாருக்கும் வேண்டாத விஷயமெல்லாம் என் மேசைக்கு வரும். யோசனைத் திட்டமும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

கம்பெனியை ஆரம்பித்தவரைப் பெரியவர் என்போம். தோட்டத்தில் இருந்து தொழிலுக்கு வந்தவர். அவர் மகன் சின்னவர், அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து ஜப்பானைப் பற்றியே பேசுவார். ஜப்பானில் ஒவ்வொரு தொழிலாளியும் யோசனை சொல்கிறான், அதனால்தான் அந்த நாடு முன்னேறியது என்பார். நம் ஆட்களும் சொல்வார்கள், நீங்கள் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டால் போதும் என்றேன். அது அவருக்குத் திட்டம் மாதிரித் தெரியவில்லை. மெட்ராஸிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார்.

ஆலோசகர் டை கட்டிக்கொண்டு வந்தார், பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு தகரப் பெட்டியைச் செய்யச் சொன்னார், அதற்கு ஒரு பூட்டுப் போட்டார். சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறிவிட்டார். அவர் அடுத்த முறை வரும்வரை பெட்டியைத் திறக்க வழியில்லை. பெட்டியை மாட்டிய இடமோ மேனேஜரின் கண்ணாடி அறைக்கு நேர் எதிரே. யார் சீட்டுப் போடுகிறார் என்று மேனேஜர் காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம். புத்தி உள்ளவன் எவனாவது அதில் போடுவானா?

முதல் முறை திறந்தபோது பஸ் டிக்கெட்டும், பீடித்துண்டும், சாம்பாரில் பருப்பைக் கண்ணில் காட்டச் சொல்லி எழுதிய சீட்டுகளும் இருந்தன. இதெல்லாம் புதுமை இல்லை என்று ஆலோசகர் ஒதுக்கினார். எங்கள் கேன்டீனில் சாம்பாரில் பருப்பு கிடந்தால் அதைவிடப் பெரிய புதுமை கிடையாது என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மாதத்துக்கு ஒரு செக்‌ஷனுக்கு இத்தனை யோசனை வந்தே ஆகவேண்டும் என்று கணக்கு வைத்தார். வந்தது. சுவரில் இருக்கிற கடிகாரத்தை எதிர்ச் சுவரில் மாட்டலாம் என்று வைண்டிங் செக்‌ஷன் கடனே என்று எழுதிப் போட்டது. மாட்டினோம். அடுத்த மாதம், எதிர்ச் சுவரில் இருக்கிற கடிகாரத்தை இந்தச் சுவருக்கு மாற்றலாம் என்று பெயின்ட் செக்‌ஷன் எழுதிப் போட்டது. ஆலோசகர் இரண்டையும் சேர்த்துக்கொண்டு, யோசனைகள் பெருகிவருவதாகப் படம் போட்டுக் காட்டினார்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் செல்வராசு வந்தார். அசெம்பிளியில் ஃபிட்டர். அடக்கமானவர், வாய் பேசாதவர் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். வாய் ஓயாது. எல்லாவற்றிலும் ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பார், அதில் பாதிக்கு மேல் தப்பாக இருக்கும். ஒரு தடவை துளை போடுகிற வேலையை வேகமாக்குகிறேன் என்று ஒரு பெட்டி நிறைய உருப்படிகளைப் பாழாக்கியிருக்கிறார். அதற்காக வெட்கப்பட்டவரும் இல்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். யோசிக்கிறவன் அப்படித்தான் இருப்பான்.

அப்போது எங்கள் பக்கம் வேலைக்கு ஆள் எடுப்பது விளம்பரம் கொடுத்து இல்லை. உள்ளே இருப்பவர் தன் சொந்தத்தில் ஒரு பையனைக் கூட்டிவந்து நிறுத்துவார். அவன் ஒழுங்காக இல்லையென்றால் கூட்டிவந்தவருக்குத் தலைகுனிவு. அவனுக்கு ஒன்று என்றாலும் ஊரில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். செல்வராசு தன் மனைவியின் ஊரான தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலிருந்து நான்கு பேரைச் சேர்த்துவிட்டிருந்தார். அதில் ஒருவன் மச்சினன் தங்கவேல். சோதனை முடிந்த பம்புகளை இரண்டிரண்டு பேராகத் தூக்கிப்போய்ப் பேக்கிங்கில் இறக்குவது அவர்கள் வேலை. நால்வரும் கேஷுவல் ஆட்கள், சொல்லால் வந்தவர்கள், சொல்லால் போகக்கூடியவர்கள். தங்கவேல் இடுப்பு பிடித்துக்கொண்டதால் நிமிர முடியாமல் நடந்துகொண்டிருந்தான்.

செல்வராசின் யோசனை இதுதான். கழித்துப்போட்ட குழாய்த் துண்டுகளை வரிசையாகச் சட்டத்தில் உருளும்படி மாட்டி, சோதனை மேடையிலிருந்து பேக்கிங் வரை சற்றுச் சாய்வாக வைத்துவிட்டால் பம்ப் தானே உருண்டு போய்விடும், தூக்க வேண்டியதில்லை. மச்சினன் இடுப்புக்காக யோசித்தது அது. ஆனால் அவர் பெட்டிப் பக்கம் போகவில்லை. நேரே என்னிடம் வந்து நின்றார்.

“ஏனுங் மேடம், இதச் சொல்லிப்போட்டா ஆளக் கொறைச்சுருவாங்களாங்க?”

அந்த ஒரு கேள்வியில் உங்கள் படிப்பு முழுவதும் இருக்கிறது. யோசனை சொல்கிறவனுக்கு அந்த யோசனையைவிட முன்னால் தெரிவது, அதனால் யார் பிழைப்புக்கு ஆபத்து என்பதுதான். கேட்டுச் சொல்கிறேன், அதுவரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவரை அனுப்பினேன். பெரியவரும் சின்னவரும் சேர்ந்து இருக்கும்போது போய், பெயர் சொல்லாமல், இப்படி ஒரு யோசனை வந்தால் தூக்குகிற ஆட்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நம்ம பையன்களை எதற்கு நிறுத்தப்போகிறோம், பெயின்டுக்கோ அசெம்பிளிக்கோ மாற்றிக்கொள்ளலாம் என்று சின்னவர் சொன்னார். அதை எழுதி ஒட்டிவிடலாமே என்றேன். பெரியவருக்கு முகம் மாறிவிட்டது.

“சொன்னாப் பத்தாதுங்களா அம்மணி? நம்மூர்ல காடு தோட்டமே வாய்ச்சொல்லுல கை மாறுதுங்க.”

உண்மைதான். எங்கள் ஊரில் எழுதிக் கொடு என்று கேட்பது, உன் வார்த்தையை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது. அதற்கு மேல் கேட்க இடமில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே செல்வராசிடம் சொன்னேன். எழுத்தில் தர மறுத்ததையும் சொன்னேன். பெரியவர் வாயால் சொல்லிவிட்டார் அல்லவா, அது போதும் என்று சந்தோஷமாகப் போனார்.

உருளைப் பாதை வந்தது. பம்புகள் கடகடவென்று தாமாகவே போயின. நால்வரையும் பெயின்டுக்கு அனுப்பினார்கள், தங்கவேல் நிமிர்ந்து நடந்தான். அதோடு விட்டிருந்தால் அது ஒரு நல்ல கதையாக முடிந்திருக்கும். ஆனால் ஒரு நல்ல காரியம் நடந்தால் அதற்கு மேல் ஒரு படம் வரைந்தாக வேண்டும் என்று நினைக்கிற சாதி ஒன்று இருக்கிறதே. நல்ல யோசனைத் திட்டத்துக்குத் தொழிலதிபர்கள் சங்கத்தில் ஒரு கேடயம் கொடுக்கப்போகிறார்கள், அதற்கு விண்ணப்பிக்கலாம் என்றார் ஆலோசகர். விண்ணப்பத்தில், மிச்சம் எவ்வளவு என்று ஒரு கேள்வி இருந்ததாம். நான்கு பேரின் இடுப்பு தப்பியது என்று எழுத அதில் இடமில்லை. ஆட்கள் சம்பளத்தில் இருக்கும்வரை மிச்சம் என்று எதையும் காட்ட முடியாது. எனக்குத் தெரியாமல் சின்னவரும் ஆலோசகரும் அறைக்குள்ளேயே ஒரு முடிவு எடுத்தார்கள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் அன்று எல்லார் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வருவார்கள், வேன் வைத்துக் கூட்டிவருவோம். மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம், பிறகு பந்தி. அந்த வருஷம் பந்திக்கு முன்னால் பரிசளிப்பு என்று ஆலோசகர் புகுத்தினார். செல்வராசை மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள், கையில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அவர் மனைவி சரசு முன்வரிசையில் தன் மாமியார் செய்த கேலிக்குக்கூடச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அம்மா, அவருக்குப் பக்கத்தில் தங்கவேல். ஆலோசகர் மைக்கைப் பிடித்தார். இவருடைய ஒரே ஒரு யோசனையால் நம் கம்பெனிக்கு நான்கு ஆள் மிச்சம், அடுத்த மாதத்திலிருந்து அந்த நான்கு பேர் தேவையில்லை, எல்லாரும் பலமாகக் கை தட்டுங்கள் என்றார்.

ஒரு பிழைப்பைப் பறிப்பதை, பறிகொடுப்பவனின் தாயை உட்காரவைத்து, மைக்கில் சொல்லி, கை தட்டவும் சொல்கிற புத்திசாலித்தனத்தை நான் அதற்குப் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். வாய்ச்சொல் காப்பாற்றுகிற பரம்பரை அந்த நேரத்தில் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேடையில் நான் ஏந்தி நின்ற சால்வைத் தட்டை அங்கேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கி ஓடினேன். அதற்குள் சரசுவின் அம்மா எழுந்துவிட்டார். இலை போட்டாகிவிட்டது, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று கையைப் பிடித்தேன். அவர் சத்தம்கூடப் போடவில்லை.

“வேண்டாங்க அம்மணி. எம்மருமவன் எங்கள வித்துச் சம்பாரிச்ச சோறுங்க. எங்களுக்குச் செரிக்காதுங்க.”

பந்தியில் இலை போட்ட பிறகு சாப்பிடாமல் எழுந்து போவது எங்கள் பக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் பின்னால் தங்கவேல் போனான். சரசு ஒரு கணம் மேடையைப் பார்த்துவிட்டு அம்மாவோடு போய்விட்டாள். செல்வராசு மாலையோடு அங்கேயே நின்றார். எனக்கு அன்று வந்த கோபம் இன்றுவரை முழுசாக இறங்கவில்லை.

அன்று சாயங்காலமே பெரியவரிடம் போய், கொடுத்த வார்த்தை என்ன ஆயிற்று என்று கேட்டேன். பையன் சின்னவன், கேட்க மாட்டேன் என்கிறான் என்றார். பையனுக்கு அப்போது முன்தலையில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது.

மாதம் பிறந்ததும் நால்வரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சரசு திரும்பி வரவில்லை. பெட்டியில் ஒரு பீடித்துண்டுகூட விழவில்லை. தொழிலாளர்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்றார் ஆலோசகர். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். எரிகிற பல்பு படம் போட்ட போஸ்டர்களை வரவழைத்து ஒட்டினார். ஆட்கள் அதன் கீழே நின்று மரியாதையாகப் படித்துவிட்டுப் போனார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று யார் கேட்டாலும், நெம்ப நல்லா இருக்குதுங்க என்ற ஒரே பதில்தான். எங்கள் ஊர்க்காரர்கள் குறை சொல்வதை நிறுத்திவிட்டார்கள் என்றால் உங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

அது கோடையில் வெடித்தது. மலிவாகக் கிடைக்கிறதென்று புது இடத்தில் வாங்கிய ரப்பர் சீல், விரலால் அழுத்தினாலே கட்டையாக இருந்திருக்கிறது. தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கிவிடும் என்று அசெம்பிளியில் எல்லாருக்கும் தெரியும். ஃபோர்மேனுக்குத் தெரியும். ஸ்டோரில் இருந்த டிப்ளமாக்காரருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சீலை மாட்டினார்கள், பெயின்ட் அடித்தார்கள், உருளைப் பாதையில் கடகடவென்று அனுப்பினார்கள். உள்ளே கம்பிச்சுற்று கருகிய பம்புகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம் பக்கத்து விவசாயிகள் கம்பெனி கேட்டுக்கு முன்னால் வந்து இறக்கினார்கள். வாழை காய்கிறது என்று சிலர் சண்டை போட்டார்கள். சண்டை போடாமல் வந்தவர்தான் பெரியவரைச் சாய்த்தார். அது அவருடைய சொந்தச் சம்பந்தி, மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்காரர்.

“நெம்ப நல்ல பம்ப்புங்க சம்பந்தி. ஒரு வாரம் ஓடுச்சுங்க.”

பெரியவர் அசெம்பிளிக்குள் போய், இது யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். எல்லார் கண்ணும் செல்வராசு பக்கம் போயிற்று. செல்வராசு கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வாய் ஓயாத மனிதர் பேசாமல் நின்றதை அன்றுதான் பெரியவர் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

அறைக்குள் வந்ததும், அசெம்பிளி முழுவதற்கும் மெமோ கொடுத்து ஃபோர்மேனைச் சஸ்பெண்ட் செய்ய வேண்டும் என்று சின்னவர் குதித்தார். வெளியே டெம்போக்களின் ஹாரன். மெமோவை உடனே தயார் செய்யச் சொல்லி என்னைப் பார்த்தார். இந்த இடத்தைக் கவனியுங்கள். இதுமாதிரி நேரத்தில் உங்கள் கையில் ஒரு பேனாவைக் கொடுத்து, யாரையாவது தண்டிக்கச் சொல்வார்கள். தண்டித்துவிட்டால் அந்தச் சமயத்துக்கு எல்லாருக்கும் மூச்சு வரும். நான் எழுத மாட்டேன் என்றேன். தெரிந்தும் ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று பெரியவர் என்னிடமே கேட்டார்.

“போன தடவ சொன்னவரு ஊட்டுல இன்னும் அடுப்பு எரியலீங்க. எல்லாரும் அதப் பாத்துட்டுத்தான் இருக்கறாங்க.”

அது வேறு, இது வேறு என்றார் சின்னவர். பெரியவர் அவரைக் கையமர்த்திவிட்டு, என்ன செய்யலாம் என்றார். அந்த நான்கு பேரையும் திரும்பக் கூப்பிடுங்கள், ஆள் அனுப்பாதீர்கள், நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போங்கள் என்றேன்.

மறுநாள் பெரியவர் தட்டில் பழமும் வெற்றிலை பாக்கும் வைத்து எடுத்துக்கொண்டு தங்கவேல் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். தோட்டத்தில் யானை புகுந்து தென்னங்கன்றுகளை மிதித்துவிட்டுப் போயிருந்தது. அந்த அம்மா எங்களை உட்காரவைத்து, மோர் கொடுத்து, யானையைப் பற்றியும் மழையைப் பற்றியும் வெகு நேரம் பேசினார். எங்கள் பக்கம் நேரே விஷயத்துக்கு வருவது மரியாதை இல்லை. கடைசியில் பெரியவர் தட்டை நீட்டி, தப்பு எங்களுடையது, பையனை அனுப்புங்கள், இனி யாரையும் நிறுத்த மாட்டோம் என்றார். சரசு கதவோரம் நின்றிருந்தாள். அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னார்.

“ஊடு தேடி வந்துட்டீங்க, வெறுங்கையா அனுப்பக் கூடாதுங்க. பையன் வருவானுங்க, புள்ளையும் வருவாளுங்க. ஆனா மருமவன் அங்க வேலைய மட்டும் பாக்கட்டுமுங்க. நெனைக்க வேண்டாங்க.”

பெரியவர் சரிங்க என்றார். ஒரு முதலாளி தன் ஆளை இனிமேல் யோசிக்கவிட மாட்டேன் என்று வெற்றிலை பாக்கு மாற்றிச் சத்தியம் செய்துகொடுத்ததை நான் மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். இடையில் பேச எனக்கு உரிமையில்லை. அந்த அம்மா கேட்டது நியாயம்.

நால்வரும் பம்பைப் பேக்கிங்கில் இறக்குகிற பழைய வேலைக்கே வந்தார்கள். வந்தவர்கள் உருளைப் பாதையைத் தொடவில்லை. அதன் பக்கத்திலேயே, பழையபடி இரண்டிரண்டு பேராகப் பம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாதை ஓடினால் தாங்கள் மிச்சம் என்பது மைக்கில் சொல்லிக் கேட்ட கணக்கு. பாதையில் விடச் சொல்லிச் சின்னவர் சொன்னால் சரிங்க என்பார்கள், அவர் தலை மறைந்ததும் தூக்குவார்கள். யோசனையால் யாருக்கும் வேலை போகாது என்று இந்தத் தடவை எழுதி, பெரியவரிடம் கையெழுத்து வாங்கி ஒட்டினேன். அதையும் மரியாதையாகப் படித்தார்கள்.

கேடயம் எங்களுக்குத்தான் கிடைத்தது. யோசனைத் திட்டத்தை எப்படி நடத்துவது என்று பார்த்துப்போகப் பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு கம்பெனியார் வந்தார்கள். சின்னவர் உருளைப் பாதைக்கு முன்னால் நின்று, இது எங்கள் தொழிலாளி ஒருவர் சொன்ன யோசனை என்று பெருமையாக விளக்கினார். வந்தவர்களில் ஓர் இளைஞருக்கு உண்மையிலேயே ஆர்வம். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவரிடம் குனிந்து, இதை யோசித்தவர் யார், அவரைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். கேட்டது செல்வராசையே.

“தெரியலீங்க. நான் வேலைக்கு வாரப்பவே இது இங்க கெடந்துச்சுங்க.”

சொல்லிவிட்டு எழுந்து போய், தங்கவேல் தூக்கிக்கொண்டிருந்த பம்பின் மறுமுனைக்குக் கை கொடுத்தார்.